வழக்கமும் வழக்கும்

தமிழில் ‘வழக்கம்’ என்றும் ‘வழக்கு’ என்றும் இரு சொற்கள் உள்ளன. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. முன்னது வீட்டில் நடப்பது. பின்னது மன்றத்தில் நடப்பது. வீட்டில் நடக்கும் ஒரு வழக்கம் எந்த நிலையில் மன்றத்து வழக்காகிறது? அவ்வாறு ஆனபின், மன்றத்தின் கை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் எட்டுகிறது? இவ்விரு கேள்விகளையும் ஓர் உதாரணத்தை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உதாரணம் பேசக் கூசும் ஒன்று. பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில், மருத்துவத் தேவை எதுவுமின்றி, சடங்காகச் செய்யப்படும் வெட்டு.

இப்பொருளை எழுதப் போவதாகச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, “அது ஆப்பிரிக்காவில் அல்லவா நடக்கிறது? தமிழ் மாணவர் இதழுக்கு அது எதற்கு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மும்பையிலும் குஜராத்திலும் வாழும் ஒரு வணிகச் சமுதாயத்தில் இது நடக்கிறது. அது குறித்து நம் உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் எழுந்தது. கடல் தாண்டினால் இலங்கையில், தமிழையே வீட்டு மொழியாகக் கொண்ட இல்லங்களிலும் இது நடக்கிறது. அதைச் செய்யும் பெண்ணுக்குத் தமிழிலேயே பெயர் இருக்கிறது. இவ்வளவு அருகில் உள்ள ஒன்றை ஆப்பிரிக்காவின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது முறையாகாது.

இன்னொன்றையும் முதலிலேயே கூறிவிடுவது நல்லது. நீலசந்திராவில் நான் குடியிருக்கும் தெருவில் தமிழும் உருதும் கன்னடமும் ஒரே குழாயடியில் ஒலிக்கின்றன. அங்குள்ள முஸ்லிம் தாய்மார்களிடம் நான் விசாரித்தவரையில், இப்படியொரு வழக்கம் உண்டென்பதே அவர்களுக்குச் செய்தியாக இருந்தது. இது இஸ்லாத்துக்கு முன்பே இருந்த பழக்கம். குர்ஆனில் இதைப் பற்றிய கட்டளை இல்லை. எகிப்தில் கிறிஸ்தவக் குடும்பங்களும், எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் பல மதத்தாரும் இதைச் செய்து வந்துள்ளனர். ஆகவே ஒரு மதத்தைத் தூற்றுவதற்கு இக்கட்டுரையில் ஆயுதம் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

வெட்டு என்பது யாது?

உலகச் சுகாதார நிறுவனம் இதனை நான்கு வகையாகப் பிரிக்கிறது. கிளிட்டோரிஸ் எனப்படும் சிறு உறுப்பையோ, அதனை மூடியிருக்கும் மடிப்புத் தோலையோ வெட்டுவது முதல் வகை. அதனுடன் உள்ளிதழ்களையும் அகற்றுவது இரண்டாவது. இதழ்களை வெட்டி ஒட்டவைத்துச் சிறு துவாரம் மட்டும் விட்டு மூடிவிடுவது மூன்றாவது. சோமாலியா, சூடான் முதலிய நாடுகளில் காணப்படும் மிகக் கொடிய வகை இது. குத்துதல், கீறுதல், சுரண்டுதல், சூடு வைத்தல் போன்றவை நான்காவது. இந்தியாவிலும் இலங்கையிலும் நடப்பவை பெரும்பாலும் முதல் வகையிலும் நான்காம் வகையிலும் அடங்கும்.

“அப்படியானால் இங்கே நடப்பது சிறு கீறல்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. உடற்கூற்றியல் படிக்கும் மாணவியாகிய நான் இவ்விடத்தில் சற்று நின்று விடை கூற விரும்புகிறேன். இவ்வுறுப்பில் எண்ணாயிரம் நரம்பிழைகள் உள்ளன என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். அந்த எண் மனிதரிடமன்று, கால்நடைகளிடம் எண்ணிப் பெற்றது! 2022ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் மனிதத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் எண்ணி, பத்தாயிரத்துக்கும் மேல் என்று அறிவித்தனர். பெண்ணின் உடலைப் பற்றி விஞ்ஞானம் எவ்வளவு அசட்டையாக இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அது கிடக்கட்டும். ஏழு வயதுச் சிறுமியிடத்தில் அந்த மடிப்புத் தோல் மிகச் சிறியது. அடியில் உள்ள உறுப்போடு நெருங்கிக் கிடப்பது. வலியால் துடிக்கும் குழந்தையை இருவர் பிடித்துக்கொள்ள, மருத்துவம் பயிலாத ஒரு மூதாட்டி சவர அலகால் ‘தோலை மட்டும்’ வெட்டுகிறார் என்றால், அலகு தோலோடு நின்றது என்பதற்கு யார் உறுதி கூற முடியும்? கை சற்றுத் தவறினாலும் உதிரப்போக்கு, சீழ், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், பிற்கால மணவாழ்வில் வலி. இவையின்றித் தப்பியவர்களும் பலர் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நன்மை என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டது ஒன்றேனும் இல்லை.

ஆண் குழந்தைகளுக்குச் செய்யும் சுன்னத்தை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்ற வினாவும் வரும். குழந்தையின் சம்மதம் என்ற அளவில் அதுவும் விவாதத்துக்குரியதே. எனினும் அதனால் சில நோய்த்தொற்றுகள் குறைகின்றன என்பதற்கு மருத்துவச் சான்று உண்டு. அது பெற்றோர் பெருமையோடு ஊரறியச் செய்வது. ஆசையை அடக்குவது அதன் நோக்கமன்று. பெண்ணுக்குச் செய்வதிலோ நோக்கம் முதற்கொண்டு யாவும் வேறு.

யூனிசெப் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி உலகில் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமியரும் இவ்வெட்டுக்கு உள்ளானவர்கள். இவர்களில் ஏறத்தாழ 14 கோடிப் பேர் ஆப்பிரிக்காவிலும், 8 கோடிப் பேர் ஆசியாவிலும் உள்ளனர். நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்த 31 நாடுகளைக் கொண்டு போட்ட கணக்கு இது. இந்தியாவும் இலங்கையும் அவற்றில் இல்லை. எண்ணப்படாதது இல்லாததாகிவிடுமா? அரசாங்கம் அவ்வாறுதான் வாதாடியது. அதைப் பின்னர்க் காண்போம்.

போரா சமுதாயம்

தாவூதி போராக்கள் ஷியா இஸ்லாத்தின் இஸ்மாயிலி கிளையினர். உலகெங்கும் ஏறத்தாழ 10 லட்சம் பேர். குஜராத், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பகுதிகளில் மிகுதியாகவும், சென்னை முதலிய துறைமுக நகரங்களில் சிறு தொகையாகவும் வாழ்கிறார்கள். படிப்பில் முன்னேறியவர்கள், பெண்களைக் கல்லூரிக்கு அனுப்புபவர்கள், வாணிபத்தில் நேர்மைக்குப் பெயர் பெற்றவர்கள். ‘கல்வி வந்தால் மூடப்பழக்கம் தானே ஒழியும்’ என்று நாம் மேடைகளில் முழங்குகிறோமே, அந்த முழக்கத்துக்கு இச்சமுதாயம் ஒரு கடினமான சோதனை. பட்டம் பெற்ற தாய், பட்டம் பெறப்போகும் மகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறாள்.

சிறுமிக்கு ஏழு வயதாகும்போது தாயோ பாட்டியோ, “கடைக்குப் போகலாம், வா” என்றோ, “மிட்டாய் வாங்கித் தருகிறேன்” என்றோ சொல்லி அழைத்துச் செல்வது பலரும் வெளியிட்ட அனுபவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. போய்ச் சேர்வது ஓர் இருட்டறை. அண்மைக் காலத்தில் ஒரு மருத்துவமனை. இதனைக் ‘கத்னா’ என்றும் ‘கஃப்ஸ்’ என்றும் அழைப்பர். பத்தாம் நூற்றாண்டில் காஜி நுஃமான் இயற்றிய ‘தஆயிமுல் இஸ்லாம்’ என்னும் நூலை இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். காரணம் கேட்டால் மார்க்கம் என்பார் சிலர், தூய்மை என்பார் சிலர். பெண்ணின் இச்சையைக் கட்டுக்குள் வைக்க என்று வெளிப்படையாகக் கூறுவோரும் உண்டு. அவ்வுறுப்புக்கே ‘ஹராம் கி போட்டி’, அதாவது தகாத சதைத்துண்டு, என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைக் குறித்து முதலில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ரெஹானா காதியாலி என்னும் பேராசிரியை குறிப்பிடத்தக்கவர். அவரது கட்டுரை 1991இல் ‘மானுஷி’ இதழில் வந்தது. பிறகு இருபது ஆண்டுகள் ஏறக்குறைய மௌனம். 2012இல் பிரியா கோஸ்வாமி ‘எ பிஞ்ச் ஆப் ஸ்கின்’ என்ற செய்திப்படம் எடுத்தார். 2015ஆம் ஆண்டு முதல் மாசூமா ரனால்வி, ஆரிஃபா ஜோஹரி முதலிய போராப் பெண்கள் தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசத் தொடங்கினர். ‘சஹியோ’ என்னும் அமைப்பு அவ்வாண்டில் பிறந்தது.

இவ்விடத்தில் எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன். இந்தியாவில் இவ்வெதிர்ப்பு எழுந்ததற்கு ஒரு காரணம் அந்த ஏழு வயது. ஏழு வயதுக் குழந்தைக்கு நினைவு உண்டு. மிட்டாய் நினைவிருக்கும்; அறை நினைவிருக்கும்; பிடித்துக்கொண்டது யாருடைய கை என்பதும் நினைவிருக்கும். முப்பது ஆண்டுகள் கழித்து அது சாட்சியாக வெளிவந்தது.

சஹியோ நடத்திய விசாரணையில் 385 போராப் பெண்கள் விடையளித்தனர். அவர்களில் 80 விழுக்காட்டினர் வெட்டப்பட்டவர்கள். ஆனால் அடுத்த தலைமுறைக்கு இது தொடர வேண்டாம் என்றவர்கள் 81 விழுக்காட்டினர்! 2018இல் வந்த மற்றோர் ஆய்வு 94 பேரைக் கண்டு பேசியது. அவர்களுடைய மகள்களுள் ஏழு வயதைக் கடந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெட்டுக்கு உள்ளாகியிருந்தனர். இவை தாமாக முன்வந்தவர்களிடம் எடுத்த கணக்குகள். சமுதாயம் முழுவதற்கும் இவ்விகிதமே பொருந்தும் என்று புள்ளியியல் படித்த எவரும் கூறமாட்டார். இருந்தாலும் ஒரு புதிரை இவை நம்முன் வைக்கின்றன. பேசியவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டில் நடந்துமிருக்கிறது. இது எங்ஙனம்?

பாம்படம் கூறும் பாடம்

என் பூட்டிக்குக் காது தோளைத் தொடும். திருநெல்வேலிச் சீமையில் அந்நாளில் பெண் குழந்தை பிறந்த சில நாளிலேயே காதைக் குத்தி, துளையைச் சிறுகச் சிறுகப் பெரிதாக்கி, கனமான குணுக்கு மாட்டிக் காது வளர்ப்பார்கள். பிறகு அதில் பாம்படமும் தண்டட்டியும் தொங்கும். காது வளராத பெண்ணைக் கொள்ள மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள். எந்தத் தாயும் தனியாக நின்று, “என் மகளுக்கு வேண்டாம்” என்று சொல்ல முடியாது. சொன்னால் மகள் கன்னியாகவே நிற்பாள் என்ற அச்சம். ஆனால் என் பாட்டியின் தலைமுறையில் அவ்வழக்கம் போன இடம் தெரியவில்லை. வளர்ந்த காதை வெட்டித் தைத்துக்கொண்ட பெண்களும் பலர். இதற்காகச் சென்னைச் சட்டசபையில் மசோதா எதுவும் வந்ததில்லை. எந்தத் தாயும் சிறை சென்றதில்லை. நாலு வீட்டார் விட்டதை நாற்பது வீட்டார் கண்டார்கள், அவ்வளவுதான்.

காது வேறு, இது வேறு என்பதை நான் அறியாமலில்லை. வலியையோ இழப்பையோ ஒப்பிடவில்லை. வழக்கம் நிற்கும் முறையைத்தான் ஒப்பிடுகிறேன். ஜெர்ரி மாக்கி என்னும் அமெரிக்க அறிஞர் 1996இல் எழுதிய கட்டுரையில், சீனாவில் பெண்களின் காலைக் கட்டிக் குறுக்கிய வழக்கத்தையும் இவ்வெட்டையும் இவ்வாறே ஒப்பிட்டார். ஒவ்வொரு குடும்பமும் மற்றக் குடும்பங்களைப் பார்த்துச் செய்கிறது. தனித்து விடுபவர் நட்டமடைவார். எல்லாரும் ஒருசேர விட்டால் எவர்க்கும் நட்டமில்லை. பௌதிகத்தில் சமநிலை என்கிறோமே, அது போன்றது. குழியில் கிடக்கும் குண்டைச் சற்றே அசைத்தால் மீண்டும் குழிக்கே உருளும்; மேடு தாண்டும் அளவுக்குத் தள்ளினால் பிறகு தானே உருண்டு போகும். சீனத்தில் கால்கட்டா இயக்கத்தார் செய்தது இதுதான்: “என் மகளின் காலைக் கட்டமாட்டேன், கால் கட்டிய பெண்ணை என் மகனுக்குக் கொள்ளவும் மாட்டேன்” என்று பெற்றோர் கூட்டமாகச் சபதம் செய்தனர். பல நூற்றாண்டு நின்ற வழக்கம் ஒரு தலைமுறையில் சரிந்தது.

செனகல் நாட்டில் இது மீண்டும் நிகழ்ந்தது. 1997ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலிகுண்டா பம்பாரா என்னும் சிற்றூர்ப் பெண்கள், இனி மகள்களை வெட்டமாட்டோம் என்று பத்திரிகையாளர் முன் அறிவித்தனர். அவர்களைப் பாராட்டியவர்களைவிட ஏசியவர்களே அதிகம். அப்போது கேர் சிம்பரா என்னும் ஊரின் இமாம் தெம்பா தியவாரா ஒரு யோசனை கூறினார்: நம் பெண்களைக் கொள்வதும் கொடுப்பதும் பல ஊர்களில், ஓர் ஊர் மட்டும் விட்டால் பெண்களுக்குத்தான் துன்பம், உறவின்முறை முழுவதையும் கேட்க வேண்டும். சொன்னதோடு நில்லாமல், முதியவராகிய அவரே ஊர் ஊராக நடந்து சென்று சம்பந்திகளிடம் பேசினார். 1998இல் 13 ஊர்கள் சேர்ந்து அறிவித்தன. பின்னர் அத்தொகை ஆயிரக்கணக்காகப் பெருகிற்று. நம்மூர்ப் பெரியவர்களுக்கு ‘உறவின்முறை’ என்ற சொல்லின் வலிமையை விளக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் காதுக்கும் காலுக்கும் இல்லாத ஒரு தடை இங்கே உண்டு. பாம்படம் கழன்றதைத் தெருவே பார்க்கும். இதுவோ மறைவில் நடப்பது. ஒரு போராத் தாய் தன் மகளை விட்டுவைத்திருந்தால் அதை யாரிடமும் சொல்லமாட்டாள். கேட்பவர்க்கு “ஆயிற்று” என்று பொய் சொல்லிவிடுவாள். அடுத்த வீட்டுத் தாயும் அவ்வாறே சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் விட்டுவிட்டனர்; ஆயினும் தான் மட்டுமே தனித்து நிற்பதாக இருவரும் அஞ்சுகின்றனர். ஊரில் பாதிப்பேர் விட்டபின்னும், ஊரே செய்வதாக ஊர் நம்பும். 81 விழுக்காட்டுப் புதிருக்கு என்னால் கூற முடிந்த விடை இதுதான். பெயர் சொல்லிப் பேசிய அப்பெண்கள் செய்த பெரும்பணியும் இதில்தான் இருக்கிறது: காணாததைக் காணச் செய்தார்கள்.

இலங்கையில்

இலங்கை முஸ்லிம்களிடத்தில், சோனகர், மலாயர், போராக்கள் ஆகிய பிரிவினரின் பல குடும்பங்களில் இது நடந்துவருகிறது. செய்பவர் ‘ஒஸ்தா மாமி’. பெரும்பாலும் குழந்தை பிறந்த நாற்பதாம் நாளை ஒட்டி, அவர் வீட்டுக்கு வந்து செய்துவிட்டுப் போவார். 2008இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இதனைக் கடமை என்று தீர்ப்புரைத்தது. அந்நாட்டில் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் பெரும்பான்மையினர். அம்மத்ஹபின் நூல்களைக் கொண்டு கூறிய தீர்ப்பு அது. ஆனால் அதே மத்ஹப் நிலவும் எகிப்தில், சிறுமி ஒருத்தி இறந்துபட்ட பின்னர், 2007இல் அல்-அஸ்ஹரின் பெரிய அறிஞர்கள் கூடி, இதற்கு மார்க்க அடிப்படை இல்லை என்று அறிவித்துள்ளனர். நூல் ஒன்றாயிருந்தும் தீர்ப்பு இரண்டானது கவனிக்கத்தக்கது.

நாற்பது நாள் குழந்தைக்கு நினைவில்லை. தனக்கு இது செய்யப்பட்டதா இல்லையா என்பதே தெரியாத பெண்கள் அங்கே பலர்; தாயிடம் கேட்டாலொழிய அறிய வழியில்லை. அதனால் அங்கே சாட்சி கிடைப்பது இன்னும் அரிது. இருந்தும் 2017ஆம் ஆண்டு இறுதியில் முஸ்லிம் பெண்கள் சிலர் துணிந்து நாடாளுமன்றத்தின் மேற்பார்வைக் குழுவின்முன் சென்று தம் அனுபவங்களைக் கூறினர். 2018இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது: மருத்துவர், தாதியர் முதலியோர் எவரும் இதைச் செய்யலாகாது என்பது அதன் சாரம். சுற்றறிக்கை மருத்துவரைத்தான் கட்டும். ஒஸ்தா மாமி சுகாதார அமைச்சின் ஊழியர் அல்லவே!

மருத்துவரிடமே விட்டுவிட்டால் சுத்தமாகவாவது நடக்குமே என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உதிரப்போக்கும் சீழும் குறையும் என்பது மெய். ஆனால் வெள்ளை அங்கி அணிந்த கை ஒரு செயலைத் தொட்டால் அச்செயலுக்கு மதிப்புக் கூடுகிறது. எகிப்தில் மூதாட்டிகளின் கையிலிருந்த தொழில் படிப்படியாக மருத்துவர் கைக்குப் போயிற்று; 2008இல் சட்டம் தடுத்த பின்னும் மருத்துவமனைக்குள் அது தொடர்ந்தது. இந்தோனேசியாவில் அரசாங்கம் 2006இல் மருத்துவர்களைத் தடுத்தது. 2010இல் ‘இப்படிச் செய்க’ என்று விதியே வகுத்துக் கொடுத்தது. 2014இல் அவ்விதியைத் திரும்பப் பெற்றது. எட்டாண்டுக்குள் இத்தனை தடுமாற்றம்.

மன்றத்தில்

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் சட்டமே இல்லை என்பது சரியன்று. கூரிய கருவியால் காயம் விளைவிப்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் (போக்சோ) உண்டு. பிரான்சு நாட்டில் தனிச் சட்டம் இயற்றாமல், காயம் விளைவித்தல் என்ற பொதுப் பிரிவைக் கொண்டே வெட்டியவர்களையும் பெற்றோரையும் தண்டித்திருக்கிறார்கள். இங்கிலாந்திலோ 1985லேயே தனிச் சட்டம் வந்தது. முதல் தண்டனை கிடைத்தது 2019இல். தனிச் சட்டம் என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது என்பதற்கு இந்த 34 ஆண்டுகளே சான்று.

2017இல் தில்லி வழக்கறிஞர் சுனிதா திவாரி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். அவ்வாண்டு மே மாதத்தில் மத்திய அமைச்சர் மேனகா காந்தி, சமுதாயத் தலைவர் தாமே நிறுத்தாவிடில் அரசாங்கம் சட்டம் கொண்டுவரும் என்றார். டிசம்பரில் அவரது அமைச்சகமே நீதிமன்றத்தில், இவ்வழக்கம் இந்தியாவில் இருப்பதைக் காட்டும் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரமோ ஆய்வோ இல்லை என்று எழுதிக் கொடுத்தது. ஏழு மாதத்தில் குரல் மாறிவிட்டது! குற்றப் பதிவேட்டில் இல்லையாம். மிட்டாய் தருவதாக ஏமாற்றப்பட்ட ஏழு வயதுச் சிறுமி தன் பாட்டியின்மேல் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தால்தானே பதிவேட்டில் ஏறும்? 2018 ஜூலையில் அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் மீண்டும் நிலையை மாற்றி, தடை வேண்டும் என்ற மனுவை ஆதரித்தார். தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வும், ஒரு பெண்ணின் உடல்மேல் பிறருக்கு என்ன உரிமை என்ற வகையில் வினாக்கள் தொடுத்தது. ஆனால் போராப் பெண்கள் சங்கம் ஒன்று, இது தங்கள் மார்க்க உரிமை என்று எதிர்த்து நின்றது. எதிர்ப்பக்கமும் பெண்களே என்பதை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. 2018 செப்டம்பர் 24ஆம் நாள் வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2019 நவம்பர் 14ஆம் நாள் சபரிமலை மறுசீராய்வுத் தீர்ப்பில், இக்கேள்வியும் அதனோடு சேர்த்துப் பெரிய அமர்வின் ஆராய்ச்சிக்குரிய பொருள்களுள் ஒன்றாயிற்று. அதன் பின் ஆண்டுகள் ஓடின. இடையில் எத்தனை சிறுமியர்க்கு ஏழு வயது நிரம்பியிருக்கும்?

வாதத்தின் அச்சாணி ‘மதத்துக்கு இன்றியமையாத வழக்கம்’ என்ற கோட்பாடு. அது பிறந்தது 1954ஆம் ஆண்டு, உடுப்பி சிரூர் மடத்துக்கும் சென்னை இந்து அறநிலைய ஆணையருக்கும் நடந்த வழக்கில். அரசியல் சட்டத்தின் 25ஆம் விதி மதச் சுதந்திரத்தைப் பொது ஒழுங்கு, நெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. ஆகவே இன்றியமையாததா இல்லையா என்று நூல்களைப் புரட்டுமுன், சுகாதாரம் என்ற அந்த ஒரு சொல்லிலேயே விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். சட்ட மாணவர்கள் என்னை மறுக்கலாம்.

இதைவிட முக்கியமானதென்று நான் கருதும் வழக்கு வேறொன்று. 1949இல் பம்பாய் மாகாணம், சமுதாயத்திலிருந்து ஒருவரை விலக்கிவைப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. போராக்களின் அன்றைய தலைவர் சையத்னா தாஹிர் சைஃபுத்தீன் அதை எதிர்த்தார். 1962இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. தலைமை நீதிபதி சின்ஹா ஒருவரே மாறுபட்டார். விலக்கப்பட்டவர்க்கு நேர்வது யாது? பள்ளிவாசலில் இடமில்லை, உறவில் திருமணமில்லை, இறந்தால் இடுகாட்டில் இடமில்லை. கடையில் கூட்டு வைத்த அண்ணன் தம்பியே பேசமாட்டார். அத்தாய் அலகுக்கு இசைவது மார்க்கத்துக்கு மட்டும் அஞ்சியன்று, இவ்விலக்குக்கும் அஞ்சித்தான். வெட்டைத் தடுக்கும் சட்டம் வந்து, விலக்கைத் தடுக்கும் சட்டம் வராவிடில், ஒருபுறம் சிறை, மறுபுறம் தனிமை என்று தாயை இரண்டுக்கும் நடுவே நிறுத்தியவர்கள் ஆவோம். 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு பெரிய அமர்வுக்கு எழுதியது. நாளிதழ்களில் அச்செய்தி சிறு பெட்டியில்தான் வந்தது.

வெளிநாட்டு மன்றங்களிலும் போராக் குடும்பங்கள் நின்றதுண்டு. ஆஸ்திரேலியாவில், மேலெழுந்த கீறலும் சட்டம் கூறும் ‘சிதைத்தல்’ ஆகுமா என்ற கேள்வி எழுந்தது; கீழ் மன்றம் தண்டித்தது, மேல்முறையீட்டு மன்றம் விடுவித்தது, 2019 அக்டோபரில் அந்நாட்டு உயர்மன்றம் ‘ஆகும்’ என்று முடித்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2017இல் தொடுத்த முதல் வழக்கு வேறு விதமாயிற்று: இது மாநிலங்களின் அதிகாரம், மத்தியச் சட்டம் செல்லாது என்று 2018இல் நீதிபதி கூறிவிட்டார், சட்டத்தைத் திருத்தி எழுதிக் கையெழுத்திட 2021 ஜனவரி ஆயிற்று. ஆனால் இவ்வழக்குகளின் அச்சம் வீண்போகவில்லை. 2016இல் லண்டன், சிட்னி முதலிய நகரங்களின் போரா ஜமாத்துகள், அந்தந்த நாட்டுச் சட்டத்தை மதித்து இதைச் செய்யாதீர் என்று தம் மக்களுக்குக் கடிதம் எழுதின. அதே ஆண்டில் தலைவர் சையத்னா முஃபத்தல் சைஃபுத்தீன் இது மார்க்கச் சடங்கு என்று அறிக்கை விட்டார். சட்டம் தடுக்கும் நாட்டில் சட்டத்தைப் பின்பற்றுக என்றும் அதில் இருந்தது. லண்டனில் விடத்தக்கது மும்பையில் விடத்தகாததாவது எப்படி? வேறுபாடு மார்க்கத்திலன்று, சட்டப் புத்தகத்திலேயே உள்ளது.

ஆயினும் மேலிருந்து வரும் சட்டம் எங்கும் வென்றதென்று எண்ணிவிட வேண்டாம். 1946இல் சூடானில் ஆங்கிலேயர் தடைச்சட்டம் போட்டு ஒரு பெண்ணைச் சிறையிலடைத்தனர். ருஃபாஆ நகரமே கிளர்ந்தெழுந்தது. 1956இல் கென்யாவின் மேரு மாவட்டத்தில் ஊர்ப்பெரியோர் சபை தடை விதித்தது. விளைவு? சிறுமியரே சவர அலகு வாங்கிக் காட்டுக்குள் சென்று ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டனர். மூன்றாண்டில் வழக்குக்கு இழுக்கப்பட்டோர் இரண்டாயிரத்துக்கும் மேல். அந்நியனின் தடை என்று பட்டதும் வலியே வீரமாகிவிட்டது. 2015இல் தடை செய்த காம்பியா நாட்டில், அதை நீக்க 2024இல் மசோதா வந்து, ஜூலை 15ஆம் நாள் தோற்றது. வெட்டப்பட்ட பெண்களே நாடாளுமன்ற வாயிலில் நின்று அதற்காகப் போராடினர்.

எனவே நம் நாட்டில் தனிச் சட்டம் வருமாயின் அதில் நான் காண விரும்புவன சில. தண்டனையின் முதற்பாரம் கூலி பெற்று வெட்டுபவர்மீதும், சடங்கை வற்புறுத்துவோர்மீதும் விழ வேண்டும், தாயின் மீதன்று. போக்சோ சட்டம் அறிந்தவர் எவரும் புகார் செய்தே தீர வேண்டும் என்கிறது. இது அத்தையையும் சித்தியையும் வாயடைக்கச் செய்யும் என்பதால், ஆலோசனை கேட்டு வரும் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு வழி வேண்டும். மறுத்த குடும்பத்தை விலக்கிவைப்பது குற்றமாக்கப்பட வேண்டும். மகப்பேறு மருத்துவமும் தாதித் தொழிலும் பயில்வோர்க்கு இதைப் பாடமாக வைக்க வேண்டும். நம் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் மூவரிடம் கேட்டேன், ஒருவர்கூட வகுப்பில் இதைக் கேட்டதில்லை என்றனர்.

இலங்கையிலிருந்து இங்கே படிக்க வந்துள்ள தோழியர் சிலர் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர், கட்டுரையின் கைப்படியைப் படித்துவிட்டு, ‘ஒஸ்தா மாமி’ என்ற சொல்லின் கீழ்க் கோடிட்டார். தம் ஊரில் அப்பெயருடைய மூதாட்டி ஒருவர் இருந்ததாகவும், அவருக்குப்பின் அவர் மகள் அத்தொழிலை ஏற்காமல் தையற்கடை வைத்துவிட்டதாகவும் சொன்னார். ஏன் ஏற்கவில்லை என்று ஊரில் யாரும் கேட்கவில்லையாம்.